வாயில்லா ஜீவனும் பேசாத பிள்ளையும்

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே பயணம் செய்தவர்கள் அந்த நிலத்தின் முகத்தை அறிவார்கள். மழையை நம்பிய கரிசல் வயல்கள், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண், ஓரங்களிலெல்லாம் சீமைக்கருவேல். மருதையாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். இப்பகுதியின் கிளைக்கிராமம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் வீடு சந்திக்கச் சென்ற ஒரு மாலையில் நான் கண்டது இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் செல்கிறேன்.

செபம் முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். கொல்லைப்புறத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. அருகில் சென்றேன், முகம் பார்க்கவில்லை. "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். பேச்சும் வரல" என்றார் தாய். அக்குரலில் குறைபடுதல்கூட இல்லை. பலரிடம் பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல் அது. தமிழக அரசு 2011 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கிய விலையில்லா ஆடுகளின் வழியில் வந்த சில ஆடுகளும் குட்டிகளும் அவ்வீட்டில் இருந்தன. பொழுது சாயும் நேரம் அவை பட்டிக்குத் திரும்பின. சிறுவன் படலருகே போய் நின்றுகொண்டான். ஆடுகள் உள்ளே சென்ற பின்னும் அவன் நகரவில்லை. தாய் படலைச் சாத்தப் போனபோது அவர் சேலைத் தலைப்பைப் பற்றி இழுத்தான். அவர் கையை உதறினார்; அவன் விடவில்லை. இழுத்துக்கொண்டே தெருவுக்கு வந்து, ஊருக்கு வெளியே இருந்த கருவேலம் புதர்வரை கொண்டுபோய் நிறுத்தினான். கழுத்துக்கயிறு முள்ளில் சிக்கி ஒரு குட்டி அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தது.

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தெரியாத பிள்ளை அவன். ஆயினும் ஒன்று குறைந்தது என்று அறிந்திருந்தான். குறைந்தது எது என்பதையும் அறிந்திருந்தான். தாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது, "இத்தனை நாளா இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுல்ல சாமி நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில், ஆன்மா மூவகைப்படும் என்று கற்றோம். செடிகொடிகளின் ஆன்மா வளர்வது. விலங்கின் ஆன்மா உணர்வது. மனித ஆன்மாவோ அறிவது. அரிஸ்டாட்டில் வகுத்து, புனித தாமஸ் அக்குவினாஸ் செம்மைப்படுத்திய பாகுபாடு அது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். உணரும் விலங்கும், அறிவு வெளிப்படாத பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கும்போது என்ன நிகழ்கிறது என்று எவரும் எங்களைக் கேட்டதில்லை. நாங்களும் ஆசிரியரைக் கேட்டதில்லை. அந்த மாலைக்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். வியப்பு என்னவெனில், இக்கேள்வியை எழுப்பியவர்களில் மெய்யியலார் மிகக் குறைவு. ஒரு தேயிலை வணிகர், ஒரு செவிலித்தாய், மாடு வளர்த்த உழவர்கள், நாயைத் தற்செயலாகத் தம் அறையில் விட்டுவைத்த ஓர் ஆசிரியர் ஆகியோரே இவ்வரலாற்றின் மாந்தர்.

இத்துறை நூல்கள் பெரும்பாலும் கேல் என்னும் ஊரிலிருந்து தொடங்குகின்றன. பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் மாநிலத்தில் உள்ள சிற்றூர் அது. ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்து அரசன் ஒருவன் மனைவியை இழந்து மதி மயங்கி, தாயின் சாயலில் இருந்த தன் மகளையே மணக்க விரும்பினான் என்றும், மகள் டிம்ப்னா தம் ஆன்ம குருவுடன் கடல் கடந்து கேலுக்குத் தப்பி வந்தார் என்றும், தேடி வந்த தந்தையின் வாளுக்கு இருவரும் இரையாயினர் என்றும் மரபு கூறுகிறது. மனம் பேதலித்த தந்தையால் கொல்லப்பட்டவர், மனநோயாளரின் பாதுகாவலியானார். திருப்பயணிகள் நோயுற்றோரை அழைத்து வந்தனர். ஆலயத்தை ஒட்டிக் கட்டப்பட்ட நோயாளர் அறையில் ஒன்பது நாள் தங்கி நவநாள் செபிப்பது வழக்கம். இடம் போதாதபோதும், ஒன்பது நாளில் குணமாகாதபோதும், ஊரார் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தனர். விருந்தினராக வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டனர். தாய் தந்தையர் பார்த்துக்கொண்டவரை அவர்களுக்குப் பின் மகன் பார்த்துக்கொண்டான். ஒரே வீட்டில் இரு தலைமுறை கண்டவர்கள் பலர்.

கேலில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே விலங்குகளைக் கொண்டு மருத்துவம் செய்தார்கள் என்று ஒரு நூலைப் பார்த்து மற்றொரு நூல் எழுதிக்கொண்டு வருகிறது. இதை நான் ஏற்கவில்லை. டிம்ப்னாவின் வரலாறே பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஏட்டில் எழுதப்பட்டது. மேலும், கேல் மக்கள் விலங்கை மருந்தாகக் கருதியதாகவும் தெரியவில்லை. அவர்கள் உழவர்கள். வீட்டில் பசு இருந்தது, கோழி இருந்தது. வந்தவரும் வீட்டாருடன் எழுந்து பால் கறந்தார், தீவனம் வைத்தார். மருத்துவம் என்ற பெயரே இல்லாமல் அது நடந்தது. அதனாலேயே அது சிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தங்கியவர்களில் மனநோயாளரோடு, பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்களும் கணிசமாக இருந்தனர். 1938ஆம் ஆண்டில் அச்சிற்றூரின் வீடுகளில் ஏறத்தாழ 3,700 பேர் இவ்வாறு வாழ்ந்தனர். இன்று அந்த எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டாலும் வழக்கம் அறுபடவில்லை. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் இதைப் பேணத்தக்க நல்வழக்கங்களின் பதிவேட்டில் சேர்த்தது. ஓவியர் வின்சென்ட் வான்கோவின் தந்தை, 1880இல் தம் மகனைக் கேலுக்கு அனுப்பிவிடலாமா என்று எண்ணினார் என்பது பலர் அறியாத செய்தி.

கேலைப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சென்று பார்த்த மருத்துவர்களில் சிலர், உழவர்கள் கூலியில்லா வேலையாட்களைப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று குறை கூறினர். முரண்டு பிடித்தவர்களுக்கு விலங்கு மாட்டிய வழக்கமும் இருந்தது. 1850இல் சட்டம் இயற்றி, 1852இல் அரசே மேற்பார்வையை ஏற்ற பிறகுதான் மருத்துவரின் கண்காணிப்பு முறையாக வந்தது. பக்தி தொடங்கிவைத்ததைச் சட்டம் வந்து காவல் காக்க வேண்டியிருந்தது. பசுவின் அருகில் ஒருவரை நிறுத்துவது அவர் நலனுக்காகவா, பசுவின் சொந்தக்காரர் நலனுக்காகவா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. நம் ஊருக்கு வரும்போது இதை மீண்டும் சந்திப்போம்.

விலங்கை அறிந்தே, நோக்கத்தோடு பயன்படுத்தியவர்கள் என்று சான்றோடு சொல்லத்தக்கவர்கள் இங்கிலாந்தின் குவேக்கர் சபையினர். யார்க் நகரின் மனநோயாளர் விடுதியில் 1790இல் தம் சபைப் பெண் ஒருவர் இறந்தது அவர்களை உலுக்கியது. தேயிலை வணிகரான வில்லியம் டூக் முன்னின்று, 1796இல் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். சங்கிலிக்கும் சவுக்குக்கும் மாறாக, அன்பும் வேலையும் ஒழுங்கும் அங்கே மருந்தாயின. அவர் பேரன் சாமுவேல் டூக் 1813இல் வெளியிட்ட நூலில், முற்றங்களில் முயல், கடற்காகம், வல்லூறு, கோழி ஆகியவற்றை வளர்த்ததைக் குறிப்பிடுகிறார். நோயாளருக்கு அவை களிப்பூட்டியதோடு, பிறரோடு கூடி வாழும் உணர்வையும் இரக்கத்தையும் அவர்களுள் எழுப்பின என்பது அவர் கருத்து. கடற்காகத்தையும் வல்லூறையும் எதற்கு வளர்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முயல் விளங்குகிறது. தன்னைவிடச் சிறிய, தன்னை நம்பியிருக்கிற ஓர் உயிர். பிறர் பராமரிப்பிலேயே காலம் தள்ளும் ஒருவருக்கு, தாம் பராமரிக்க வேண்டிய ஒன்று கிடைக்கிறது.

செவிலியர் பணியின் அன்னையாகப் போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேலும் 1860இல் வெளிவந்த தம் செவிலியர் குறிப்புகளில், நெடுநாள் படுக்கையில் கிடப்போருக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று எழுதினார். அவர் தாமே ஒரு சிறு ஆந்தையை வளர்த்தவர்.

இவையெல்லாம் பெரியவர்களைப் பற்றியவை. குழந்தைகள் இவ்வரலாற்றில் தனியே இடம் பெற மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. நியூயார்க் யெஷீவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த போரிஸ் லெவின்சன், குழந்தைகளின் மனநலத்துக்குச் சிகிச்சை அளித்தவர். 1950களில் ஒருநாள், எவரோடும் ஒட்டாமல் தன்னுள் ஒடுங்கிய சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்தனர். பல சிகிச்சைகள் பலனளிக்காமல், மருத்துவமனையில் சேர்த்துவிடுவதே வழி என்ற நிலை. அவர்கள் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டனர். அறையில் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் படுத்திருந்தது. நோயாளர் வரும் வேளையில் நாயை அங்கே வைப்பது அவர் வழக்கமில்லை. அன்று அப்புறப்படுத்த நேரமில்லை. நாய் எழுந்து ஓடிப் பையனின் முகத்தை நக்கியது. பையன் விலகவில்லை, அதை அணைத்துத் தடவினான். தாய் பிரிக்க முனைந்தபோது, விடுங்கள் என்று லெவின்சன் தடுத்தார். போகும்போது, மறுபடியும் நாயோடு விளையாட வரலாமா என்று கேட்டான் பையன். அடுத்த சில சந்திப்புகளில் அவன் நாயோடு மட்டுமே விளையாடினான். மருத்துவர் அங்கே இருப்பதையே கவனிக்கவில்லை. பிறகு நாயின் மீதிருந்த அன்பில் ஒரு பங்கு மெல்ல அவர் மீதும் படர்ந்தது. பேச்சு தொடங்கியது.

லெவின்சன் இதை 1961இல் அமெரிக்க உளவியலாளர் கழகத்தின் மாநாட்டில் எடுத்துரைத்தார். அவையில் சிரிப்பு எழுந்தது. உங்கள் கட்டணத்தில் நாய்க்கு எத்தனை பங்கு கொடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். கற்றோர் அவையின் ஏளனம் எல்லா நாட்டிலும் ஒரே வகைதான் போலும். அவர் அஞ்சாமல் 1962இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்; 1969இல் நூலாக விரித்தார். பின்னர், உளப்பகுப்பின் தந்தை சிக்மண்ட் பிராய்டு தம் முதிய வயதில் ஜோஃபி என்ற நாயை நோயாளரைச் சந்திக்கும் அறையிலேயே வைத்திருந்தார் என்ற செய்தி பரவலாகத் தெரியவந்தபோது, சிரித்தவர்களில் சிலர் அடங்கினர்.

லெவின்சன் கண்டதில் நான் முதன்மையாகக் கருதுவது இது. பேசாத குழந்தையைப் பேசவைக்க முயலும் எவரும் அதைச் சோதித்துக்கொண்டே இருக்கிறோம். பெயர் என்ன? இது என்ன நிறம்? அம்மா எங்கே? ஒவ்வொரு கேள்வியும் அதற்கு ஒரு தேர்வு. ஒவ்வொரு தேர்விலும் தோல்வி. நாய் கேள்வி கேட்பதில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 1999இல் தொடங்கிய ஒரு முயற்சியில், வாசிக்கத் திணறும் குழந்தைகள் பயிற்சி பெற்ற நாயின் அருகில் அமர்ந்து அதற்குக் கதை படித்துக் காட்டுகிறார்கள். எழுத்தை விழுங்கினாலும் அது திருத்துவதில்லை; எத்தனை நேரமானாலும் முகம் சுளிப்பதில்லை. நம் மறைக்கல்வி வகுப்புகளில் திக்கித் திக்கி வாசித்த பிள்ளைகளை நாம் எத்தனை முறை இடைமறித்தோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

குதிரைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தார். ஆயினும் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார், 1956இலும் வென்றார். குதிரையிலிருந்து இறங்க அவருக்குப் பிறர் கை தேவைப்பட்டது. அவரைக் கண்டு, உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் சங்கங்கள் ஐரோப்பாவில் தோன்றின. நம் பகுதியில் குதிரைகள் அய்யனார் கோயில் வாசலில் மண்ணாகவே நிற்கின்றன. ஆகவே இதை இத்தோடு விடுகிறேன்.

மாட்டைப் பற்றிப் பேசினால் நமக்கு நெருக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டினுக்கு மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. விடுதியில் விட்டுவிடும்படி பெற்றோருக்கு ஆலோசனை கூறப்பட்டது, தாய் மறுத்தார். பிறர் தொட்டால் துடித்துப்போகும் பெண் அவர். பதின் வயதில் அரிசோனாவில் தம் அத்தையின் மாட்டுப் பண்ணைக்குச் சென்றார். அங்கே ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் ஓர் அடைப்பு இருந்தது. நம் அரசு கால்நடை மருந்தகங்களின் வாசலில் இரும்புக் குழாய்களால் ஆன ஓர் அடைப்பு நிற்குமே, அதன் உறவு என்று கொள்ளலாம். அழுத்தம் பட்டதும் மிரண்ட மாடுகளில் சில அமைதியடைவதை அவர் கண்டார். தாமும் அதனுள் புகுந்து பார்த்தார், மனம் அமைதியுற்றது. பிறகு தமக்கென்று அப்படி ஒரு கருவியைத் தாமே செய்துகொண்டார். இன்று அவர் கால்நடை அறிவியல் பேராசிரியர். மாடுகள் மிரளாமல் நடந்து செல்லும் பாதைகளை வடிவமைப்பதில் உலகப் புகழ் பெற்றவர். அவை இறைச்சிக் கூடத்துக்குச் செல்லும் பாதைகளும்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சாகப் போகும் உயிரும் அஞ்சாமல் போகட்டும் என்பது அவர் வாதம். தாம் சொற்களால் சிந்திப்பதில்லை, படங்களாகவே சிந்திப்பதாகவும், மாடும் அவ்வாறே காண்பதால் அதன் அச்சம் தமக்கு விளங்குகிறது என்றும் அவர் கூறுகிறார்.

இதைப் படித்தபோதுதான் மருதையாற்றங்கரைச் சிறுவன் எனக்கு விளங்கினான். கிடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம், தினமும் இத்தனை ஆடுகளை எப்படி எண்ணுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "எதுக்கு சாமி எண்ணணும்? ஒண்ணு இல்லன்னா அது மொகம் இல்லாதது தெரியாதா?" என்றார். சிறுவனும் எண்ணவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறான். ஒரு முகம் இல்லை என்று கண்டிருக்கிறான். மனித முகங்களை நோக்காத அந்தக் கண்கள் ஆட்டின் முகத்தை நோக்கியிருந்தன.

தமிழகத்தில் இம்முயற்சிக்குச் சென்னை வழிகாட்டியது. விமானியான கேப்டன் சுந்தரமும் அவர் துணைவியார் உஷா அம்மையாரும் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ், ஆதரவற்ற விலங்குகளுக்கான அமைப்பாகவே தோன்றியது. ஹாங்காங்கில் 1991இல் உருவான 'டாக்டர் டாக்' என்ற திட்டத்தை அது பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்தது. சாதுவான நாய்களைத் தேர்ந்து குழந்தைகளிடம் அழைத்துச் செல்வதே திட்டம். சர்.சி.பி. இராமசாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் சரஸ்வதி கேந்திரத்தில், கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளுக்கு நாய்களின் துணையோடு பயிற்சி அளிக்கப்பட்டது. செய்முறை எளியது. விரல்கள் ஒத்துழைக்காத குழந்தை நாயின் மயிரைச் சீப்பால் வாருகிறது. பந்தை எறிந்து எடுத்து வரச் செய்கிறது. கயிற்றைப் பிடித்து நடக்கிறது. 'வா', 'உட்கார்' என்று சொன்னால் நாய் வருகிறது, உட்காருகிறது. தான் சொன்ன ஒரு சொல்லுக்கு உலகத்தில் ஏதோ ஒன்று நடக்கிறது என்பதை அக்குழந்தை முதன்முறையாகக் காண்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். பிரிஸ்பேன் நகர்ப் பள்ளிகளில் 99 குழந்தைகளை மூவர் மூவராகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒவ்வொரு குழுவிலும் ஆட்டிசம் உள்ள குழந்தை ஒன்று, மற்றக் குழந்தைகள் இரண்டு. பத்து நிமிடம் பொம்மைகளோடும், பத்து நிமிடம் இரண்டு கினிப் பன்றிகளோடும் விட்டுப் பார்த்தனர். பிராணிகள் இருந்தபோது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதிகம் பேசினர், மற்றவர் முகத்தைப் பார்த்தனர், சிரித்தனர் என்று 2013இல் வெளிவந்த அந்த ஆய்வு கூறுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. பிறந்தது முதலே வீட்டில் பிராணி இருந்த குழந்தைகளிடம் பெரிய மாற்றம் காணப்படவில்லை. ஐந்து வயதுக்குப் பின் புதிதாக ஒரு பிராணி வந்த வீடுகளில், குழந்தை தன்னிடம் உள்ளதைப் பிறருக்குப் பகிர்வதும், வருந்துவோரைத் தேற்ற முனைவதும் கூடியிருந்தன. புதிய உயிர் ஒன்றின் வருகையே வீட்டாரின் பேச்சையும் கவனத்தையும் மாற்றிவிடுகிறது போலும். ஆயினும் இத்தகைய ஆய்வுகளில் பல மிகச் சிறியவை. நோயைத் தீர்க்கும் என்று எந்த ஆய்வும் மெய்ப்பிக்கவில்லை. துணை வேறு, தீர்வு வேறு.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, வெளிநாட்டு இன நாய் ஒன்றை வாங்கினால் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அதை வாங்கி வந்தார். சித்திரை வெயிலில் அந்நாய் இரைத்துக்கொண்டே கிடந்தது. அதன் குரைப்புக்கு அஞ்சிப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒடுங்கியது. சங்கிலியும் மீளவில்லை. எல்லாக் குழந்தைக்கும் விலங்கு பிடிப்பதில்லை. ஒலியும் வாடையும் தாங்காத குழந்தைகள் உண்டு. பிடித்தாலும், வெறிநாய்க்கடி நோய்க்கு நம் நாடு இன்னும் ஆண்டுதோறும் உயிர்களைக் கொடுத்து வருகிறது என்பதை மறக்கலாகாது. வீட்டு நாய்க்குத் தவறாமல் தடுப்பூசி போட வேண்டும். பேச இயலாத குழந்தை, தன்னை நாய் பிறாண்டியதை வந்து சொல்லாது. ஆகவே பெற்றோர் தினமும் கைகால்களைப் பார்க்க வேண்டும். கீறல் கண்டால் சோப்பு நீரால் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேலில் எழுந்த கேள்விக்கு இப்போது வருகிறேன். அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களில் பேசாத பிள்ளைகள் ஆட்டோடும் மாட்டோடும் வளர்வது புதிதல்ல. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பறையில் கேளாத தலைமுறை நம்மில் இல்லை. அந்த வசை பல பிள்ளைகளுக்குத் தீர்ப்பாகவே முடிந்தது. மந்தம் என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஆட்டுக்குப் பின்னே அனுப்பினார்கள். கஜா புயல் 2018இல் குடும்பங்களை நிலைகுலையச் செய்த பின், காவிரிப் படுகை மாவட்டங்களில் கடனுக்கு ஈடாக ஆட்டுக்கிடைகளில் விடப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகளும் வந்தன. விடுதலை பெற்ற நாட்டில், கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு! ஆகவே, ஆடு மேய்த்த பிள்ளைகளெல்லாம் ஆடுகளால் நலம் பெற்றார்கள் என்று எழுதினால் அது பொய்யுரையாகும். ஒரு குட்டியைத் தன்னுடையது என்று வளர்க்கும் பிள்ளைக்கும், பிறர் மந்தையின் பின்னே பகலெல்லாம் தனியே திரியும் பிள்ளைக்கும் உள்ள தூரம் பெரிது. முன்னவனுக்கு மாலையில் திரும்பிச் செல்ல வீடும் பள்ளியும் பேசுவதற்கு ஒருவரும் இருக்கிறார்கள்.

சட்டமும் இங்கே மெதுவாகவே வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்கே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் சென்று கற்பிக்கும் ஏற்பாடு இன்று உள்ளது. நான் குறிப்பிட்ட தாய்க்கு இது தெரிந்திருக்கவில்லை. எனக்கும் அதுவரை தெரியாது என்பதைச் சொல்ல வெட்கப்படுகிறேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பங்குகளில் வீடு சந்தித்து வந்தவன் நான்.

சிறப்பாசிரியை வாரம் ஒருமுறை அங்கே வரத் தொடங்கினார். படம் போட்ட அட்டைகளைக் காட்டினார், பையன் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டுப் பட்டியருகே சம்மணமிட்டு அமர்ந்தார். ஓர் ஆடு உள்ளே போனால் ஒரு கூழாங்கல்லைக் கொட்டாங்குச்சியில் போட்டார். அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார், அவனைக் கூப்பிடவில்லை. சில வாரங்கள் கழித்து, அவர் ஒரு கல்லைப் போடாமல் விட்டார். பையன் வந்து கல்லை எடுத்துப் போட்டான். கொட்டாங்குச்சியில் தொடங்கிய அந்தக் கணக்கு இப்போது சிலேட்டுக்கு வந்திருக்கிறது. பேச்சு வரவில்லை. வரும் என்று ஆசிரியை வாக்குக் கொடுக்கவுமில்லை.

அடுத்த சனவரி 17ஆம் நாள், வனத்து அந்தோனியார் திருநாளில் கால்நடைகளை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஆசீர்வதித்தோம். கூட்டத்தைக் கண்டாலே ஓடிவிடுபவன் என்பதால் அவனைத் தாய் அழைத்து வரவில்லை. அவர் மட்டும் ஆடுகளோடு வந்திருந்தார். சற்று நேரத்தில் அவனே வந்துவிட்டான். கருவேலம் புதரில் சிக்கிய அந்தக் குட்டி வளர்ந்து கிடாவாகியிருந்தது. நேரே அதனிடம் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டு, மேளச் சத்தத்துக்கும் மாடுகளின் கத்தலுக்கும் நடுவே நின்றான். நான் தீர்த்தம் தெளித்தபோது முகத்தைச் சுளித்தான், கயிற்றை விடவில்லை.